எழுத நாலடிக்கு மூன்றடி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எழுத்தாளர்களின் அறைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடல் பார்த்த ஜன்னல், மலைச்சரிவில் மரவீடு, சுவர் முழுக்கப் புத்தகம். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தன. ஆனால் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் நாலு பேரோடு இருந்துகொண்டு கதை எழுத நினைக்கும் ஒருவர், ‘இது நமக்கு வாய்க்காது’ என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். புதிதாக எழுதுகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவதும் பட்டறை நடத்துவதுமே தொழில் என்பதால், அந்தக் கட்டுரை விட்டுவிட்ட பக்கத்தைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

எழுதும் இடத்துக்கு வேண்டியவை இரண்டே. ஒரு மணி நேரம் உடம்பு முணுமுணுக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். காட்சி அழகு இந்தக் கணக்கில் வராது, சொல்லப்போனால் இடைஞ்சல். அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலூ சொந்த ஊரிலேயே ஓட்டல் அறை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். காலை ஆறரைக்கு அங்கே போய் நண்பகல் தாண்டும் வரை எழுதுவார். சுவரில் மாட்டியிருந்த படங்களைக்கூடக் கழற்றச் சொல்லிவிட்டார். குழந்தைகளுக்கு எழுதிய ரோல்டு டால் தோட்டத்துக் குடிசையில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, சாய்வு நாற்காலியின் கைகள் மேல் பலகை ஒன்றை வைத்து எழுதினார். நம் அசோகமித்திரன் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். தி. ஜானகிராமன் வானொலியிலும் லா.ச.ரா. வங்கியிலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்கள். தனி அறை கிடைத்த பிறகுதான் எழுத்து என்றால் தமிழில் பாதி இலக்கியம் வந்திருக்காது.

வீட்டில் எந்த மூலை என்பதைப் பார்ப்போம். பலரும் முதலில் உட்காருவது சாப்பாட்டு மேசையில். அதைவிட மோசமான இடம் கிடையாது. சத்தம் அதற்குக் காரணமல்ல, சத்தம் பழகிவிடும். காலை எட்டுக்கும் மதியம் ஒன்றுக்கும் இரவு எட்டுக்கும் அதைக் காலி செய்தாக வேண்டும். தாள்களை எடுத்து அடுக்கி, மறுபடி விரித்து, விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் எழுத வைத்திருந்த நேரத்தில் கால்வாசி போய்விடும். இரண்டு வாரத்தில் கை தானாகவே தள்ளிப் போடும். கட்டில் அடுத்த தப்பு: அரை மணியில் முதுகு வளையும், முக்கால் மணியில் தூக்கம் வரும். திண்ணை பார்க்க நன்றாக இருக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று பேசிவிட்டுப் போவார்கள். மொட்டை மாடி காலை ஏழு மணி வரைக்கும் சரி, அதுவும் காற்று இல்லாத நாளில்.

விரித்த தாளை விரித்தபடியே ராத்திரி விட்டுப் போக முடிகிற இடம்தான் வேண்டியது. நாலடி அகலம், மூன்றடி ஆழம் போதும். பீரோவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து, மாடிப்படிக்குக் கீழே, வராந்தாவின் மூடிய கோடி, பூஜை அலமாரிக்குப் பக்கம் என்று பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒரு துண்டு இருக்கிறது. பழைய நாளிதழ்க் கட்டும் உடைந்த மிக்ஸியும் அதை ஆண்டுகொண்டிருக்கும். முகம் சுவரைப் பார்த்திருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. திரும்பிப் பார்க்க வைக்கும் இடத்தில் மனம் ஒருபோதும் முழுசாக இறங்காது.

அடுத்து அளவுகள். இதில்தான் நிறையப் பேர் கழுத்து வலியோடு என்னிடம் வருகிறார்கள். கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 29, 30 அங்குல உயரம். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள ஒருவருக்குப் பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டுமென்றால் நாற்காலி இருக்கை 15, 16 அங்குலத்தில் இருக்க வேண்டும். அவர் முழங்கையை மடக்கினால் இருக்கையிலிருந்து சுமார் 9 அங்குல உயரத்தில் நிற்கும். அப்படியானால் தட்டச்சு செய்ய 25 அங்குலமும், கையால் எழுத அதைவிட ஓரிரண்டு அங்குலம் கூடுதலும் உள்ள மேசைதான் அவருக்குப் பொருந்தும். 30 அங்குல மேசையில் தோள்பட்டை இரண்டும் தூக்கியபடியே இருக்கும். கழுத்து வலியின் மூலம் அதுதான். தலையணையை மாற்றிப் பயனில்லை.

தீர்வு மூன்று. மரமேசை என்றால் தச்சரிடம் சொல்லிக் காலை அறுத்துவிடலாம், அரை மணி வேலை. அறுக்க மனமில்லையென்றால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்தி, எவ்வளவு உயர்த்தினோமோ அவ்வளவு உயரத்துக்குக் காலடியில் பலகையோ மணையோ போட வேண்டும். காலுக்குப் பலகை போட மறந்தால் தொடையின் அடிப்பகுதி அழுந்திக் கால் மரத்துப் போகும். மூன்றாவது, மேசையையே விட்டுவிட்டுத் தரைக்கு வருவது.

தரையில் உட்கார்ந்து எழுதுவதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் நாள் முழுக்க அப்படித்தான் எழுதினார்கள். அவர்கள் முன்னால் இருந்த சாய்வு மேசையைச் செய்துகொள்வது எளிது. முன்விளிம்பு 10 அங்குலம், பின்விளிம்பு 13 அங்குலம், ஆழம் 15 அங்குலம், கீழ்விளிம்பில் பேனா உருளாமல் இருக்க அரை அங்குலச் சட்டம் ஒன்று. சம்மணமிட்ட முழங்கால் உள்ளே போகும் அகலம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆணி அடிக்கச் சொல்லுங்கள். மடித்த ஜமுக்காளத்தை இடுப்புக்கு அடியில் மட்டும் மூன்று அங்குல கனத்தில் போட வேண்டும், முழங்காலுக்கு அடியில் அல்ல. இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முயலவே வேண்டாம்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். தனி விசைப்பலகை ஒன்றை வாங்கிக் கணினிக்கு அடியில் நாலைந்து அங்குலத்துக்குத் தடித்த புத்தகங்களை அடுக்கிவிடுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்தால் சரி. பழைய அகராதிகளுக்கு இப்படி ஓர் உபயோகம் வந்தது வருத்தம்தான்.

வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு வலது பக்கத்திலிருந்து. இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழல் எழுதும் வரியிலேயே விழும். அறை நடுவில் டியூப்லைட், மேசை சுவரைப் பார்த்தபடி என்றால் தலையின் நிழல் தாள் முழுக்கப் படியும். 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைக் குடை போட்டு மேசைக்கு ஒன்றரையடி உயரத்தில் வைத்தால் போதும். குடை இல்லாத பல்பு கண்ணைக் கூசும். கணினித் திரைக்கு நேர் எதிரேயோ நேர் பின்னாலேயோ ஜன்னல் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா வெயிலைத் துரத்திக்கொண்டு சுழலும் குடிசை ஒன்றைக் கட்டி அதில் எழுதினார். நமக்குப் பிரச்சினை தலைகீழ். மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் சித்திரை, வைகாசியில் பிற்பகல் இரண்டுக்கு மேல் உட்காரவே முடியாது. இடம் பிடிக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும்.

தலைக்கு நேர் மேலே ஓடும் மின்விசிறி தாளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். சின்ன மேசை விசிறியைத் தரையில் வைத்துக் காலைப் பார்த்துத் திருப்பிவிட்டால் தாள் அசையாது, உடம்பும் குளிரும், கொசுவும் காலை அண்டாது. அதன் ஒரே சீரான இரைச்சல் பக்கத்து அறைப் பேச்சைப் பாதிக்கு மேல் மறைத்துவிடுவது கூடுதல் லாபம். கையால் எழுதுகிறவர்கள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், இடப்புறம் ஒரு அங்குலம் விட வேண்டும், எழுதத் தொடங்கும் முன்பே மேல்மூலையில் பக்க எண் போட்டுவிட வேண்டும். அச்சகக் காலத்துப் பழக்கம் இது. எண் போடாத நாற்பது தாள் ஒருமுறை பறந்தால் தெரியும் அதன் அருமை. வியர்க்கும் கைக்கு ஜெல் பேனா ஆகாது, மை இழுபடும். பந்துமுனைப் பேனாவே போதும். அதோடு உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

சத்தத்துக்கு வருகிறேன். ஒலிமாசு விதிகள், 2000 சொல்வது இதுதான்: இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் நள்ளிரவு வரை மட்டுமே தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆக, விடிகாலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் அலறும் குழாய்க்குச் சட்டத்தில் இடமில்லை. புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அதுவரை எழுத்து காத்திருக்காது என்பதால் மருந்துக்கடையில் கிடைக்கும், காதுக்கான நுரை அடைப்பான் உதவும். ‘வாங்கினேன், ஒன்றும் கேட்காமல் போகவில்லை’ என்பவர்கள் அநேகமாக அதைக் காது வாசலில் செருகியவர்கள். விரல்களால் உருட்டி மெல்லிய திரி போல ஆக்க வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும். அப்போது உள்ளே விட்டு, அது விரியும் வரை முப்பது விநாடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் நம் குரலே நமக்கு மண்டைக்குள் கேட்கும். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டோ, கைக்குழந்தையைத் தனியாகக் கவனித்துக்கொண்டோ இதைப் போடக் கூடாது. காதில் சீழ், வலி இருந்தாலும் கூடாது.

பழக்கம் என்று பார்த்தால் ஆந்தனி டிரோலப்பை மிஞ்சிய உதாரணம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், பிரிட்டிஷ் அஞ்சல் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே வயதான குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். முதல் அரை மணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். மூன்று மணி நேரம் எழுதிவிட்டு அலுவலகம் கிளம்பிவிடுவார்.

அந்த வேகத்தை யாரும் நகல் எடுக்க வேண்டாம். தமிழ்ச் சொல் நீளமானது. வேற்றுமையும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு ஆங்கிலத்தின் இரண்டு மூன்று சொல்லை ஒன்றே விழுங்கிவிடும். வேலைக்குப் போகிறவர் ஒரு மணி நேரத்தில் 300 சொல் எழுதினால் தாராளம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 1,500. அறுபதாயிரம் சொல் நாவல் நாற்பது வாரத்தில் முதல் வரைவு கண்டுவிடும். ஞாயிறு ஒரே மூச்சில் 2,000 சொல் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் கரை சேருவதில்லை. ஒரு ஞாயிறு கல்யாணம், அடுத்த ஞாயிறு காய்ச்சல், மூன்றாவது ஞாயிறு கதாபாத்திரத்தின் பெயரே மறந்திருக்கும். நாளைக்கு நாற்பது நிமிடமானாலும் அதே இடம், அதே நேரம்.

டிரோலப்பிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முதல் அரை மணி வாசிப்பை. நமக்குப் பத்து நிமிடம் போதும். நேற்றைய கடைசிப் பத்தியை மட்டும் கையால் மறுபடி பிரதி எடுங்கள்; பாதியிலேயே அடுத்த வாக்கியம் வந்து நிற்கும். ஆனால் முதல் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பித்தால் போச்சு, முதல் அத்தியாயம் முப்பது முறை மெருகேறும், இரண்டாவது அத்தியாயம் பிறக்காது. முடிக்கும்போது அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே வழியைப் பின்பற்றலாம்: அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்திருக்கும்போதே பேனாவை மூடுவது. வறண்ட பிறகு எழுந்தால் மறுநாள் உட்காரப் பயம் வரும். எழுந்திருக்கும் முன் நாளைக்கு வேண்டியதைத் தாள் அடியில் ஒரு வரியில் குறித்து வையுங்கள், ‘அக்கா கடிதத்தைப் பிரிக்கிறாள், தம்பி வாசலில்’ என்கிற அளவுக்கு.

கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதும் ஒலியை அடக்குவதும் பயன் தராது. கையெட்டும் தூரத்தில் இருந்தால் கை போகும். வேறு அறையில், சார்ஜில் போட்டு, நேரம் பார்க்க ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். எழுதும்போது எழும் சந்தேகங்களை, அந்த ஊரில் எந்த ஆண்டு ரயில் வந்தது என்பது போன்றவற்றை, தேடப் போகாமல் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் குறித்துவிட்டு மேலே போங்கள்.

கைப்பேசியில் பேசியே எழுதலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். முதல் வரைவுக்கு, அதுவும் உரையாடலுக்கு, அது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் முற்றுப்புள்ளி விழாது, லகர ளகர ழகரம் இடம் மாறும், ஒற்று காணாமல் போகும், வட்டார வழக்கைத் தானே ‘திருத்தி’விடும். அந்தப் பிரதியைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுவிடலாம். 1999இல் தமிழக அரசு ஏற்ற முறை இது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘ங’வுக்குப் பின் ‘க’, ‘ந’வுக்குப் பின் ‘த’ அடித்தாலும் அப்படியே. நாளைக்குக் கால் மணி வீதம் மூன்று வாரம் பழகினால் பார்க்காமல் அடிக்கலாம். ஆங்கில எழுத்தில் ஒலி பார்த்து அடிப்பவர்கள் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் வேறு வரிவடிவத்துக்கு மாற்றிக்கொண்டே எழுதுகிறார்கள். நீண்ட எழுத்தில் அந்தக் களைப்பு தெரியும். எதில் அடித்தாலும் ஒருங்குறியில் (யூனிகோட்) அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கதையைத் திறந்து, கட்டங்களையும் ஆங்கில எழுத்துகளையும் பார்த்துப் பெருமூச்சு விடாத உதவி ஆசிரியர் உங்கள் அலுவலகத்திலும் இருக்கமாட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் தன் நேரம் தன் கையில் இருப்பவர்களுக்கு. பெண்களுக்கு ‘விடிகாலை எழுந்து எழுதுங்கள்’ என்று சொல்வது அபத்தம். பல வீடுகளில் ஐந்து மணிக்குப் பால் காய்ச்சவும் இட்லி ஊற்றவும் எழுவது அவர்கள்தான். கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில் இருந்த காலத்தில் இரவில் கழிப்பறைக்குள் நின்று எழுதினார். எழுதியதை ஒளித்து வைத்துத் தாயார் மூலம் வெளியே அனுப்பினார். ‘சல்மா’ என்பதே அடையாளம் மறைக்க வைத்துக்கொண்ட பெயர். மூலை, மேசை, விளக்கு எல்லாம் இருந்தும் கூப்பிடும் குரல் ஓயாத வீட்டில், வீட்டுக்கு வெளியேதான் இடம் தேட வேண்டியிருக்கிறது. ஓட்டல் அறை எத்தனை பேருக்குக் கட்டும்? பூங்கா பெஞ்சில் ஒரு பெண் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுத நம் ஊர்கள் விடுகின்றனவா?

நூலகம் ஒன்றுதான் மிச்சம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே உண்டு. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்திருக்கிறது. நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் திறந்திருக்கிறார்கள். நல்ல காரியங்கள். ஆனால் நாற்காலிகளைக் காலையிலேயே போட்டித் தேர்வு மாணவர்கள் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கும் வீட்டில் இடமில்லாததால்தான் வருகிறார்கள். சிறிய ஊர்களிலோ நூலகம் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் என்று திறந்திருக்கிறது. வீட்டுப் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் பிற்பகல் இரண்டு முதல் நாலு வரை கதவு பூட்டியிருக்கும்.

எனவே பொது நூலகத் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் எழுதுவதற்கென்று நாலு மேசைகளை ஒதுக்கலாம். உயரம் 27 அங்குலம், சுவரைப் பார்த்தபடி, பக்கத்தில் மின்இணைப்பு, இடப்புறம் விளக்கு. இரண்டு மணி நேரம் வீதம் முன்பதிவு; நாலில் இரண்டு பெண்களுக்கு. நோட்டும் தாள்களும் வைத்துவிட்டுப் போகப் பூட்டுள்ள சிறிய பெட்டி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாத எழுத்தும் உண்டு. கிளை நூலகங்களில் மேசைகூட வேண்டாம், பிற்பகலில் கதவைத் திறந்து வைத்தால் போதும். அங்கே பயன்படுத்தத்தக்க கழிப்பறை இருக்கிறதா என்பதையும் அதிகாரிகள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பிரதி திருத்துநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.